கரி படிந்த முதற்கட்டம்: செய்மதி ஏவலில் மீள்பயன்பாடும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

ஒருமுறை பயன்படுத்திய பொருளை மீண்டும் பயன்படுத்துவது வறுமையின் அடையாளமா, அறிவின் அடையாளமா? சப்பிரகமுவத் தோட்டங்களில் இவ்வினா புதியதன்று. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களிலே பால் சேரும் சிரட்டை ஆண்டுக்கணக்கில் மரத்தோடு கிடக்கின்றது. உரம் வந்த சாக்கு கொழுந்து பறிப்பவரின் இடுப்பிற் படங்காகின்றது. இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளை நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஜக்சன் வகுத்த உருட்டு இயந்திர முறையும், பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் 'சிறொக்கோ' உலர்த்தி முறையும் பாகம் தேயத் தேயப் பாகம் மாற்றப்பட்டு, தலைமுறைகளைக் கடந்து இயங்கி வந்துள்ளமை தெரியவரும். மீள்பயன்பாடு என்ற சொல்லை அறியாதவர்கூட அதன் செயலை நன்கறிந்த பிரதேசம் இது.

விண்வெளித் தொழில்நுட்பமோ நெடுங்காலம் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. 1957 ஒக்டோபர் 4இல் முதலாவது செய்மதியைச் சோவியத் ஒன்றியம் ஏவிய நாள்தொட்டு, கோடிக்கணக்கான பணம் செலவிட்டு ஆக்கப்பட்ட ரொக்கெற் சில நிமிட நேரம் எரிந்து, பின் வீழ்ந்து அழிவதே வழமையாயிருந்தது. கொழும்புக்கு ஒருமுறை சென்று வந்ததும் புகைவண்டியை எரித்துவிடும் நிர்வாகத்தை எவரும் அறிவுடையதென்று கூறார். ஆயினும் விண்வெளித் துறையிலே அது தவிர்க்கமுடியாததென நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வழமை மாறியமை பற்றியும், மாறியதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பது பற்றியும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

இன்று தோட்டத்து லயன் வாசலில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் ரொக்கெற் ஏவலொன்றைப் பார்க்கலாம். புளோரிடாவிலே கோடைகாலத்தில் இரவு எட்டரை மணியெனின், இங்கே மறுநாட் காலை ஆறு மணி. பெரட்டுக்குப் புறப்படும் நேரம். ஸ்பேஸ்-எக்ஸ் நிறுவனத்தின் ஃபல்கன்-9 என்னும் ரொக்கெற்றின் நேரலையைப் பார்ப்பவர் முதலில் அதன் நிறத்தைக் கவனித்தல் வேண்டும். ஏறத்தாழ 70 மீற்றர் உயரமுடைய அதன் மேற்பகுதி வெண்மையாயிருக்கும். கீழ்ப்பகுதி பெரும்பாலும் கரிபடிந்து, விறகடுப்பில் நாட்பட்ட பாத்திரம்போலத் தோன்றும். அக்கரியே அது முன்னர் பறந்து திரும்பியதற்குச் சான்று. மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும் எரியும் எஞ்சின்கள் ஒன்பது அதன் அடியில் உள்ளன. திரும்பி இறங்குகையில் தன் எஞ்சினின் தழலுக்கூடாகவே அது வரவேண்டியிருத்தலின், மண்ணெண்ணெய்ப் புகை உடலெங்கும் படிகின்றது. மேற்பகுதியிலுள்ள இரண்டாம் கட்டம் வெண்மையாயிருப்பதன் காரணம் எளிது: அது ஒவ்வொரு முறையும் புதியது, ஒருபோதும் திரும்பிவராதது.

திரையின் அடியிலே வேகமும் உயரமும் இலக்கங்களாக ஓடிக்கொண்டிருக்கும். பார்வையாளர் பலர் உயரத்தையே நோக்குவர். உண்மையில் நோக்கவேண்டியது வேகத்தை. செய்மதியொன்று விழாமற் சுற்றிவருவது அது உயரத்தில் இருப்பதனாலன்று. பக்கவாட்டில் மணிக்கு ஏறத்தாழ 27,000 கிலோமீற்றர் வேகத்தில் விரைவதனாலேயே. ஏவப்பட்டு இரண்டரை நிமிடம் அளவில், 65 அல்லது 70 கிலோமீற்றர் உயரத்தில் முதற்கட்டம் தன் வேலையை முடித்துப் பிரிகின்றது. அப்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். எஞ்சிய வேகம் முழுவதையும் இரண்டாம் கட்டத்தின் ஒற்றை எஞ்சினே ஈட்டவேண்டும்.

முதற்கட்டத்தை மீட்க முடிவதற்கும் இரண்டாம் கட்டத்தை மீட்பது மிகக் கடினமாயிருப்பதற்கும் காரணம் இங்கேயே உள்ளது. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்பதைப் பாடசாலையில் கற்றுள்ளோம். 27ஐ 8ஆல் வகுத்து வர்க்கித்தால் விடை 11ஐச் சற்றுத் தாண்டும். அதாவது, சுற்றுப்பாதையை அடைந்த ஒரு கிலோகிராம் உலோகத்திடம், பிரியும் வேளையில் முதற்கட்டத்தின் ஒரு கிலோகிராமிடம் உள்ளதைப்போலப் பதினொரு மடங்கு சக்தி உண்டு. பூமிக்குத் திரும்பவேண்டுமாயின் அச்சக்தி முழுவதையும் வெப்பமாக வளிமண்டலத்தில் இழக்கவேண்டும். முதற்கட்டத்துக்கு இவ்விழப்பு தாங்கக்கூடியது. பிரிந்தபின் சில எஞ்சின்களை மீண்டும் எரித்து வேகத்தைத் தணித்து, வலைபோன்ற நான்கு செட்டைகளால் திசைதிருப்பி, இறுதியில் ஓர் எஞ்சினின் உந்துதலோடு கால்களை விரித்து, ஏவிய எட்டு அல்லது ஒன்பது நிமிடங்களில் கடலில் நிற்கும் ஆளற்ற மிதவையொன்றில் அது இறங்குகின்றது. இவ்வகையிலான முதலாவது வெற்றி 2015 டிசம்பர் 21இல் தரையிலும், 2016 ஏப்ரல் 8இல் கடல் மிதவையிலும் கிட்டியது. மிதவையில் இறங்கிய அதே முதற்கட்டம் 2017 மார்ச் 30இல் எஸ்.ஈ.எஸ்-10 என்னும் தொடர்பாடற் செய்மதியைச் சுமந்து மீண்டும் பறந்தது. செய்மதியை மூடியிருக்கும் மூக்குக் கவசத்தின் இரு பாதிகளும் பரகுடையினால் மீட்கப்பட்டு 2019 நவம்பர் முதல் மீளப் பயன்படுத்தப்படுகின்றன.

மீட்பு இலவசமாகக் கிடைப்பதன்று. இறங்குவதற்கு வேண்டிய எரிபொருளை மேலே செல்லும்போதே மிச்சம் பிடிக்கவேண்டும். கால்களையும் செட்டைகளையும் சுமக்கவேண்டும். மீட்கும் எண்ணமின்றி ஏவினால் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 22.8 தொன் கொண்டுசெல்லக்கூடிய இந்த ரொக்கெற், மீட்கும் எண்ணத்துடன் ஏவப்படும்போது ஏறத்தாழ 17 தொன்னையே கொண்டுசெல்கின்றது. ரொக்கெற்றின் ஆக்கச் செலவிற் பெரும்பங்கு முதற்கட்டத்துக்குரியது. ஆதலின் சுமையில் ஒருபகுதியை இழந்து அதனைக் காப்பது இலாபமாகின்றது.

சுமையை இழந்து ஒன்றைக் காத்தல் என்ற இவ்விடயம் எமது தீவோடு வேறொரு வகையிலும் தொடர்புடையது. எமக்கு அண்மையிலுள்ள ஏவுதளம் ஆந்திராவின் ஸ்ரீஹரிக்கோட்டா. அங்கிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெற் நேர் தெற்காகப் பறப்பின் இலங்கையின் மேலாகச் செல்லவேண்டிவரும். எரிந்த பாகங்கள் குடிமனைகளில் வீழும் ஆபத்தைத் தவிர்க்க அது முதலில் தென்கிழக்காகச் சென்று, பின்னர் வழிமாறித் தெற்கே திரும்புகின்றது. இவ்வளைவுக்காகவும் சுமை இழக்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28இல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டமைக்கு ஒரு காரணம், அங்கிருந்து எமது தீவைக் கிழக்கே விட்டு நேராகத் தெற்கே ஏவமுடியும் என்பதாகும். இந்தியாவில் மீள்பயன்பாடு இன்னும் பரிசோதனை நிலையைத் தாண்டவில்லை. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 2023 ஏப்ரலிலும், 2024 மார்ச்சிலும் யூனிலும் உலங்குவானூர்தியிலிருந்து விடப்பட்டுத் தானே ஓடுபாதையில் இறங்கிய சிறகுடைய கலத்தின் உடலும் கருவிகளும் ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனைக்கு மீளப் பயன்படுத்தப்பட்டன. அக்கலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் புஷ்பக். குபேரனிடமிருந்து இராவணன் பறித்து, பின்னர் இராமன் ஊர்திரும்பப் பயன்பட்ட புட்பக விமானம் இதிகாசத்திலேயே கைமாறி மீளப் பயன்பட்ட ஊர்தி என்பதைப் பெயரிட்டோர் எண்ணினரோ, இல்லையோ, பெயர் பொருத்தமானதே.

மீள்பயன்பாட்டை ஃபல்கன்-9 கண்டுபிடித்ததென்று கொள்ளுதல் தவறு. ஐக்கிய அமெரிக்காவின் விண்ணோடம் 1981 ஏப்ரல் 12இல் முதன்முதற் பறந்து, 2011 வரை 135 தடவைகள் பறந்தது. அதன் ஓடம் ஓடுபாதையில் இறங்கியது. பக்கங்களிலிருந்த திண்ம எரிபொருள் ரொக்கெற்றுகள் இரண்டும் பரகுடையினாற் கடலில் இறக்கப்பட்டு மீட்கப்பட்டன. எனினும் மீட்டதைக் கழற்றிப் பூட்டுவது புதிதாக ஆக்குவதைப்போலவே உழைப்பை விழுங்கியது. வெப்பம் காக்கும் ஓடுகள் மட்டும் இருபதினாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் தனித்தனி பார்க்கப்படவேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது பறப்புகள் என்று திட்டமிடப்பட்ட ஓடங்கள், மிக அதிகமாகப் பறந்த 1985இலும் ஒன்பது தடவைகளே பறந்தன. முழுச் செலவையும் பறப்புகளின் தொகையாற் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 கோடி டொலர் வருகின்றது. திரும்பக் கொண்டுவருதல் வேறு, திரும்பப் பயன்படுத்துதல் வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஆயினும் விண்ணோடத்தின் வரலாற்றில் எம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பது செலவன்று. 1986 சனவரி 28இல் சலஞ்சர் ஓடம் ஏவப்பட்டு 73 விநாடிகளிற் சிதைந்து எழுவர் மாண்டனர். வலப்பக்க ரொக்கெற்றின் இணைப்பொன்றை அடைத்திருந்த இறப்பர் வளையம் குளிரில் இறுகி, கொதிவாயுவைக் கசியவிட்டமையே காரணம். இவ்வளையம் அரிப்புண்ணும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. எவ்வாறு தெரிந்தது? 1981 நவம்பரில் நடைபெற்ற இரண்டாவது பறப்பின் பின் கடலிலிருந்து மீட்ட ரொக்கெற்றைக் கழற்றியபோதே அரிப்பு காணப்பட்டது. பின்னைய பறப்புகளிலும் காணப்பட்டது. கடலில் எறியப்படும் ரொக்கெற்றாயிருப்பின் எவரும் அதனைக் கண்டிரார். மீட்பு சான்றைக் கையிற் கொடுத்தது. விபத்துக்கு முன்னாள் இரவு, அந்த ரொக்கெற்றை ஆக்கிய நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இக்குளிரில் ஏவவேண்டாமென்று தொலைபேசி மாநாட்டில் வாதிட்டனர். அவர்களுள் ஒருவரான ரொஜர் புவாஜொலி ஆறு மாதங்களுக்கு முன்னரே எழுத்தில் எச்சரித்திருந்தார். முகாமையாளர்கள் அதனை மேவி முடிவெடுத்தனர். எனவே மீள்பயன்பாட்டின் பயன் பணச் சேமிப்பு மட்டுமன்று. பயன்பட்ட பொருள் தான் பட்ட பாட்டைத் தன் உடலில் எழுதிக்கொண்டு வருகின்றது. அதனை வாசிப்பவரின் சொல் எடுபடுமா என்பதே மற்றைய வினா.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய மற்றொரு நிகழ்ச்சி எமது நாட்டின் முதற் செய்மதியுடன் மறைமுகமாகத் தொடர்புடையது. சோவியத் ஒன்றியத்தின் என்-1 என்னும் சந்திர ரொக்கெற்றுக்காக ஆக்கப்பட்ட என்.கே-33 எஞ்சின்கள், அத்திட்டம் கைவிடப்பட்டபின் பறக்காமலே களஞ்சியத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேற் கிடந்தன. 1990களில் அவற்றை வாங்கிய அமெரிக்க நிறுவனமொன்று சீர்செய்து அன்ராறிஸ் என்னும் ரொக்கெற்றுக்கு அளித்தது. 2014 ஒக்டோபர் 28இல் வேர்ஜீனியாவின் வலப்ஸ் தளத்தில் ஏவப்பட்ட சில விநாடிகளில், அத்தகைய எஞ்சின் ஒன்றின் ஒட்சிசன் பம்பி சிதைந்து ரொக்கெற் தளத்தருகே வீழ்ந்து வெடித்தது. அதன்பின் அன்ராறிஸுக்குப் புதிதாக ஆக்கப்பட்ட வேறுவகை எஞ்சின்கள் பூட்டப்பட்டன. திருத்தப்பட்ட அதே தளத்திலிருந்து, எமது நேரப்படி 2019 ஏப்ரல் 18 அதிகாலையில், யப்பானின் கியூசூ தொழில்நுட்ப நிறுவனத்திற் பயின்ற இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஆக்கிய, ஒரு கிலோகிராம் அளவான 'இராவணா-1' ஏவப்பட்டு, யூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது.

என்.கே-33 பழைய பொருள்; ஆனால் மீளப் பயன்படுத்தப்பட்ட பொருளன்று. சிதைந்த அந்த எஞ்சின் அதற்குமுன் ஒருநாளும் பறந்ததில்லை. பறப்பில் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்குத் தன்னளவிற் சான்று எதனையும் கொண்டிருக்கவில்லை. பழமை, பயன்பாடு என்னும் இரண்டையும் வேறுபடுத்தி நோக்காதவர் மீள்பயன்பாட்டை எப்போதும் ஐயத்துடனேயே பார்ப்பர். மறுபுறம், புதியது என்பதும் பாதுகாப்புக்கு உறுதியன்று. 2024 யூலை 11இல் கலிபோர்னியாவிலிருந்து ஏவப்பட்ட ஃபல்கன்-9 ஒன்றில், முன்னர் பலமுறை பறந்த முதற்கட்டம் குறையின்றி இறங்கியது. அன்றுதான் முதன்முதலாகப் பறந்த இரண்டாம் கட்டத்தில், அழுத்தம் அளக்கும் குழாயொன்று வெடித்து ஒட்சிசன் கசிந்தமையால் இருபது செய்மதிகள் இழக்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ட் 28இல் வேறொரு முதற்கட்டம் தன் இருபத்துமூன்றாம் பறப்பின் முடிவில் மிதவையிற் சாய்ந்து அழிந்தது. இரு வகையிலும் தோல்வி உண்டு. எவ்வகைத் தோல்வி எப்போது வரும் என்பதை முன்கூட்டி அறிய உதவுவது பதிவேடு.

இக்கருத்தை எமக்குச் சுருக்கமாக எடுத்துரைத்தவர் பொறியியல் நூலெதனையும் படித்தவரல்லர். தோட்டமொன்றில் மாணவர் சிலருடன் ஏவலொன்றின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தொழிற்சாலையிற் பிற்றராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரும் வந்து அமர்ந்தார். மாணவர்கள் ரொக்கெற் நிமிர்ந்து இறங்கியதைக் கண்டு வியந்தனர். அவரோ, "எறங்கினது சரி சேர், எத்தனை ஓட்டம் ஓடியிருக்குன்னு எழுதி வச்சிருக்காங்களா? எதைக் கழட்டிப் பாக்குறாங்க, எதை மாத்துறாங்க? அது தெரியாம ரோலரையே மறுநாள் ஓட்ட மாட்டோமே" என்றார். வியப்புக்கும் அறிவுக்கும் இடையேயுள்ள தூரம் இவ்வினாவில் அடங்கியிருந்தது. அவருக்கு நாம் கூறியது இதுவே: ஒவ்வொரு முதற்கட்டத்துக்கும் இலக்கம் உண்டு. 1067 என்ற இலக்கமுடையது 2021 யூனில் முதன்முதற் பறந்தது. விண்வெளி வீரரையும் சுமந்தது. 2025 ஓகஸ்ட் 28இல் தன் முப்பதாவது பறப்பை முடித்தது. ஒவ்வொரு பறப்பிலும் அழுத்தம், வெப்பம், அதிர்வு ஆகியன பதியப்படுகின்றன. தொடக்கத்தில் மாதக்கணக்கில் நடைபெற்ற சோதனை, எவ்வுறுப்பு தேயும், எவ்வுறுப்பு தேயாது என்பது அனுபவத்தில் தெரியவரச் சுருங்கிற்று. 2025 மார்ச்சில் ஒரு முதற்கட்டம் ஒன்பது நாள் இடைவெளியில் மீண்டும் பறந்தது. விண்ணோடத்தின் மிகக் குறைந்த இடைவெளி 54 நாட்கள்.

இனிச் செலவுக்கு வருவோம். மீள்பயன்பாடு ஏவலை மலிவாக்கிற்று என்று எங்கும் எழுதப்படுகின்றது. எவருக்கு மலிவாக்கிற்று? ஃபல்கன்-9இன் அறிவிக்கப்பட்ட விலை 2016இல் 6.2 கோடி டொலர். முதற்கட்டங்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவைகள் மீளப் பறந்தபின், 2022இல், அது 6.7 கோடி டொலராக உயர்த்தப்பட்டது. பணவீக்கம் காரணமாகக் காட்டப்பட்டது. மீளப் பறக்கும் ஏவலொன்றின் மேலதிகச் செலவு ஏறத்தாழ 1.5 கோடி டொலரே என நிறுவனத்தின் தலைவர் இலோன் மஸ்க் 2020இற் கூறியிருந்தார். இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் இலாபமன்று. ஆய்வுச் செலவு முதலியன அதில் அடங்கும். ஆயினும் உற்பத்திச் செலவு குறைவதனால் விலை தானாகக் குறைந்துவிடாது என்பதைத் தோட்டத் தொழிலின் வரலாற்றை அறிந்தவருக்கு விளக்கவேண்டியதில்லை. கொழுந்தின் நிறை கூடியபோதெல்லாம் நாட்சம்பளம் கூடியதில்லையே.

சேமிப்பின் பெரும்பகுதி சென்றது அந்நிறுவனத்தின் சொந்தச் செய்மதிகளுக்கு. தாழ்ந்த சுற்றுப்பாதையிற் பல்லாயிரமாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் செய்மதிகள் இணையச் சேவை வழங்குகின்றன. ஏவப்பட்ட முதற்சில நாட்களில் அந்திவேளையிலோ அதிகாலையிலோ அவை ஒளிமணிக் கோவைபோல வரிசையாகச் செல்வதை முகிலற்ற நாட்களிற் சப்பிரகமுவ மலைகளிலிருந்தும் வெறுங்கண்ணாற் காணலாம். அவற்றின் ஆயுள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே. பின்னர் வளிமண்டலத்தில் எரிந்துபோகும்படி இறக்கப்படுகின்றன. ஆகவே சுமப்பது மீளப் பயன்படுவது, சுமக்கப்படுவது ஒருமுறைப் பாவனைக்குரியது என்ற முரண் இங்கே தோன்றுகின்றது. ஓயாது ஏவவேண்டியிருத்தலினாலேயே ஓயாது மீட்கவும் வேண்டியுள்ளது.

இச்சேவைக்கு இலங்கையில் 2024 ஓகஸ்ட்டில் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. 2025 யூலை 2இல் அது தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது. தோட்டப்புறப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது வெறும் செய்தியன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்திற் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கல்வி அறிவிக்கப்பட்டபோது, அலைவரிசை கிட்டாத மலைப் பள்ளத்தாக்குகளின் பிள்ளைகள் குன்றுகளிலும் பாறைகளிலும் ஏறிப் பாடம் கேட்டனர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மலையகத் தமிழர் நுவரெலியாவிற்போலத் திரண்டு வாழ்பவரல்லர். சிங்களக் கிராமங்களுக்கிடையிற் சிறு சிறு தோட்டங்களாகச் சிதறி வாழ்பவர். தமிழ்மொழிமூல உயர்தர விஞ்ஞானப் பிரிவு இவர்களுக்கு எட்டாத தொலைவில் உள்ளது. இத்தகையோருக்கே வானிலிருந்து வரும் இணையம் மிகப் பயன்படக்கூடியது. ஆனால் சேவை தொடங்கியபோது வீட்டுப் பாவனைக்கான மாதக் கட்டணம் ரூபா 15,000 அளவிலும், கருவித் தொகுதியின் விலை ரூபா ஒரு இலட்சத்துக்கு மேலும் இருந்தன. அப்போது நடைமுறையிலிருந்த அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட ரூபா 1,350. மாதக் கட்டணம் மட்டும் பதினொரு நாள் உழைப்பு. கருவி எழுபத்துநான்கு நாள் உழைப்பிலும் அதிகம். முப்பது தடவை பறந்து மீண்ட ரொக்கெற்றின் சேமிப்பு லயன் வாசலை எட்டும்முன் எங்கோ தங்கிவிடுகின்றது. வீட்டுக்கொன்று இயலாதெனினும் பாடசாலைக்கொன்று இயலாததன்று. ஒரு கருவியின் தொடர்பை ஒரு வகுப்பறை முழுவதும் பகிரமுடியும். அதனை மாகாணக் கல்வி நிர்வாகத்திடம் கோருவதற்குச் சம்பளப் போராட்டத்தின் முடிவு வரை காத்திருக்கவேண்டியதுமில்லை.

மீள்பயன்பாடு சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு அளிக்கக்கூடிய மற்றொரு நன்மை உயிரோடு தொடர்புடையது. 2019 யூன் 12இல், மூன்று மாதங்களுக்கு முன்னர் வேறொரு பணிக்காகப் பறந்து மீண்ட ஃபல்கன்-9 முதற்கட்டம், கனடாவின் ராடர் செய்மதிகள் மூன்றை ஒருசேரக் கொண்டுசென்றது. ராடர் அலை முகிலை ஊடுருவுவது, இரவிலும் பார்ப்பது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மே, யூன் மாதங்களில் இரத்தினபுரியின் மேல் நாட்கணக்கில் முகில் மூடியிருக்கும்போது சாதாரண ஒளிப்படச் செய்மதிகளுக்கு எதுவும் தெரிவதில்லை. ராடரினாலோ ஒரே இடத்தை இருமுறை நோக்கி, திரும்பி வந்த அலைகளை ஒப்பிட்டு, நிலம் சில சென்ரிமீற்றர் நகர்ந்திருப்பினும் கண்டறிய முடிகின்றது. அடர்ந்த மரங்கள் மூடிய சரிவில் குற்றலை ராடருக்கு இது கடினம், நெட்டலைக்கு எளிது. 2025 யூலை 30இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–அமெரிக்கக் கூட்டுச் செய்மதியான நைசார், நெட்டலை ராடரைக் கொண்டு பன்னிரு நாட்களுக்கொருமுறை ஒரே இடத்துக்கு மேலாக வருமாறு வகுக்கப்பட்டது. அதனை ஏவிய ரொக்கெற் ஒருமுறைப் பாவனைக்குரியது என்பதையும் கூறிவிடுதல் வேண்டும். நற்பயன் அனைத்தும் மீள்பயன்பாட்டின் கொடையன்று.

2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயன் குடியிருப்பில் உயிர்களைப் பலிகொண்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மழை மீண்டும் அம்மாவட்டத்தையும் மலைநாட்டையும் சிதைத்தது. மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கும் பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகின்றது. ஆயினும் வரைபடம் சரிவைப் பற்றியது. சரிவில் நிற்கும் கட்டடத்தின் வரலாற்றை அது கூறாது. வெள்ளையர் காலத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாக, துரைமாரின் கணக்கில் மிகக் குறைந்த செலவிற் கட்டப்பட்ட லயன்கள் பல, தகரம் மாற்றியும் சுவர் பூசியும் ஐந்தாறு தலைமுறைகளுக்கு மீண்டும் மீண்டும் பயன்பட்டுள்ளன. முதியவரின் வினாவை இங்கே கேட்டால் விடையிருக்காது. அவரது உருட்டு இயந்திரத்துக்கும் 1067ஆம் இலக்க முதற்கட்டத்துக்கும் உள்ள பதிவேடு இக்கட்டடங்களுக்கு வைக்கப்படவில்லை. சுவரில் வெடிப்பு விரிந்ததையும், பின்மேட்டில் மரம் சாய்ந்ததையும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கியதையும் அங்கு வாழ்வோர் முதலிற் காண்கின்றனர். அவர்கள் கண்டது எழுதப்படுவதில்லை. எழுதப்படாதது அதிகாரியின் மேசைக்கு வருவதில்லை.

இதற்குச் செய்மதி தேவையில்லை. ஒரு கொப்பி போதும். லயனின் இலக்கம், கட்டிய ஆண்டு, கடைசியாகக் கூரை மாற்றிய ஆண்டு, குடியிருப்போர் தொகை, பின்மேட்டின் உயரமும் சுவரிலிருந்து அதன் தூரமும், வடிகானின் நிலை, வெடிப்பு இருப்பின் அதன் அகலமும் அளந்த திகதியும், மழைமானி இருப்பின் அன்றைய மழை. தோட்டப் பாடசாலையின் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர் அடிமட்டத்தைக் கொண்டு ஒரு வாரத்தில் முதற்பதிவைச் செய்துவிடலாம். பருவமழைக்கு முன்னும் பின்னும் மீள அளக்கலாம். அதன் பிரதியொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம உத்தியோகத்தருக்கும் மாவட்டத்திலுள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்துக்கும் கையொப்பம் பெற்றுக் கொடுத்தல் வேண்டும். எமது தமிழ்ச் சங்கத்தின் விஞ்ஞான, பொறியியற் பீட மாணவர்கள் விடுமுறையில் ஊர்செல்லும்போது இவ்வேலையைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம், தென்மேற்குப் பருவம் பிடிக்குமுன்னுள்ள மார்ச், ஏப்ரல் மாதங்களாகும்.